ஹட்டன் பக்கம் வீடும் கடையும்: நாலு கெமரா பதிவு செட் போட ஆலோசனை தேவை

#1 நோர்வூட்_கடைவீடு

வணக்கம். ரோட்டோரம் சின்ன மளிகைக்கடை, அதோட ஒட்டின வீடு, தகரக்கூரை. வீட்டுக்குக் கீழே 60 மீட்டர் தள்ளி ஆட்டுப்பட்டி. மரக்கறி மூட்டையும் அங்கதான் அடுக்குறோம். கெமரா வேண்டிய இடம் நாலு: கடைக் கல்லா, கடை வாசல், வீட்டுப் பின்கதவு, பட்டி. பைபர் லைன் இந்தப் பக்கம் இல்ல, 4ஜி ரவுட்டர் மட்டும்.

கடையில எழுதிக் கொடுத்த பட்டியல்: 4 சேனல் டீ.வீ.ஆர். (கெமராப் படத்தைப் பதியுற பெட்டி) "1080பி லைட்", டோம் கெமரா நாலு, கோக்ஸ் வயர் (டிவி அன்டெனா வயர் மாதிரி) 180 மீட்டர், 1 டி.பி. டிஸ்க். இது சரியா? எத்தனை நாள் பதிவு நிற்கும்? கரண்ட் போனா, இடி இறங்கினா, பனிமூட்டம் வந்தா என்ன ஆகும்?

#2 வயர்மேன்_தலவாக்கலை

அந்தப் பட்டியல்ல முதல்ல வெட்ட வேண்டியது "லைட்" என்ற சொல்லைத்தான். 1080பி என்றா 1920×1080 புள்ளி. லைட் என்றா 960×1080. அகலத்துல பாதிய வீசிட்டுப் பதிஞ்சு, திரையில காட்டும்போது இழுத்து நீட்டிக் காட்டுது. ஆள் வந்தது தெரியும், யார் என்று தெரியாது.

சுவருக்குள்ள ஏற்கனவே நல்ல கோக்ஸ் வயர் இருந்தா டீ.வீ.ஆர். போடுறது தப்பில்ல. உங்களுக்கு எல்லாம் புதுசா இழுக்கணும், அதனால என்.வீ.ஆர். (நெட்வேர்க் கெமராவுக்கான பதிவுப் பெட்டி), பி.ஓ.ஈ. கெமரா (நெட்வேர்க் வயரிலேயே கரண்ட் எடுக்கிறது), கேட்6 நெட்வேர்க் வயர். ஒரே வயர்ல படமும் கரண்டும் போயிடும். கெமராவுக்கு ஒரு 12 வோல்ட் அடாப்டர் என்று கூரைக்கடியில தொங்க விடுற வேலை இல்ல. மழைக்காலத்துல முதல்ல செத்துப்போறது அந்த அடாப்டர்தான்.

வயர் வாங்கும்போது "கேட்6" என்று பெட்டியில போட்டிருக்கிறத மட்டும் நம்பாதீங்க. ஒரு கம்பியை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ளேயும் செம்பு நிறம் இருந்தா முழுச் செம்பு. வெள்ளி மாதிரி மின்னினா அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது. அதோட மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. 10, 15 மீட்டருக்கு ஓடும். தூரம் கூடினா பகல்ல நல்லா இருக்கும், ராத்திரி ஐ.ஆர். (இருட்டுல படம் பிடிக்க உதவுற அகச்சிவப்பு) விளக்கு எரியத் தொடங்கினதும் கெமரா அணைஞ்சு அணைஞ்சு வரலாம். கெமரா பழுது என்று மாத்துவீங்க, புதுசும் அதையே செய்யும். இன்னொன்று, ரெண்டு தடவை வளைச்சா முறிஞ்சிடும்.

வயர் நுனியில பிளக் அடிக்கும்போது கம்பி நிற வரிசை ரெண்டு பக்கமும் ஒன்றா இருக்கட்டும்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். வெளியில போடுற கெமராவோட ஒரு தண்ணி புகாத மூடி வரும். கிரிம்ப் பண்றதுக்கு (பிளக் அடிக்கிறதுக்கு) முந்தியே மூடியையும் ரப்பர் வளையத்தையும் வயர்ல கோத்துடுங்க. முக்கால்வாசிப் பேர் நுனிய அடிச்சிட்டு, மூடி ஏறாம, அதைத் தூக்கி எறிஞ்சிட்டு இன்சுலேஷன் டேப் சுத்துறாங்க. நம்ம பக்க மழைக்கு அந்த டேப் ஒரு பருவம் தாங்காது. நுனிக்குள்ள தண்ணி போனா, 48 வோல்ட் ஓடுற பின்கள் பச்சை பூத்து அரிச்சுப் போகும். டெஸ்டர் வச்சா எட்டு விளக்கும் எரியும், கெமரா மட்டும் எழும்பாது.

#3 கணக்குப்பிள்ளை

எத்தனை நாள் நிற்கும் என்பதுக்கு ஒரு கணக்குப் போதும். வினாடிக்கு 1 மெகாபிட் ஓடினா ஒரு நாளைக்கு 10.8 ஜி.பி. இதை மனசுல வச்சுக்கிட்டா கடைக்காரர் சொல்ற எதையும் சரிபார்க்கலாம்.

4 மெகாபிக்சல் கெமரா, எச்.265 (படத்தைச் சுருக்குற முறை), வினாடிக்கு 15 பிரேம் (தனிப்படம்). 3 மெகாபிட் தாராளம். நாலு கெமராவுக்கு 12 மெகாபிட், நாளைக்கு 129.6 ஜி.பி. 1 டி.பி.யில ஏழரை நாள், 2 டி.பி.யில பதினைஞ்சு நாள், 4 டி.பி.யில முப்பது நாள். (2 டி.பி. டிஸ்க்கை மெஷின் 1863 ஜி.பி. என்று காட்டும். ஏமாத்தல் இல்ல, எண்ணுற முறை வேற.) கல்லாவுல காசு குறைஞ்சது மாசக் கடைசியில கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும் என்றா, ஏழரை நாள் எதுக்கு உதவும்? 4 டி.பி. போடுங்க.

பிட்ரேட்டை (வினாடிக்கு ஓடுற டேட்டா அளவு) வி.பி.ஆர். (தேவைக்குத் தக்க மாறுற முறை) வச்சு, உச்சம் 3072 கிலோபிட் என்று கட்டுங்க. கட்டாம விட்டா பனிமூட்டம் இறங்குற ராத்திரியில எகிறும். இருட்டுல சென்சர் படத்தைத் தூக்கிக் காட்டும்போது புள்ளி புள்ளியா இரைச்சல் வரும், அதுக்கு மேல மூட்டம் அசையும். ஒவ்வொரு பிரேமும் புதுசு என்று நினைச்சு மெஷின் எல்லாத்தையும் பதியும். ஐ-பிரேம் (முழுசா பதியுற படம்) இடைவெளி 30, அதாவது ரெண்டு வினாடிக்கு ஒன்று. அதைவிடக் கூட்டினா, பதிவை ஓட்டிப் பார்க்கையில வேண்டிய வினாடியில நிற்காது.

டிஸ்க், கண்காணிப்புக்கென்றே செய்தது வேணும்: டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் மாதிரி. வருஷத்துக்கு 180 டி.பி. எழுதத் தாங்கும் என்று மதிப்பிட்டிருக்கு. உங்க நாலு கெமரா வருஷத்துக்கு 47 டி.பி. எழுதும். மேசைக் கணினி டிஸ்க் பலதுக்கு மதிப்பு 55தான், அதுவும் நாள் பூரா ஓடுறதுக்கு இல்ல. ஊதா ஸ்டிக்கர் ஒட்டின பழைய டிஸ்க்கும் சந்தையில உலாவுது. மெஷின்ல போட்டதும் ஸ்மார்ட் (டிஸ்க்கோட நிலையைக் காட்டுற) பக்கத்தைத் திறந்து, ஓடின மணித்தியாலம் எவ்வளவு என்று பாருங்க. ஒரு வருஷம் என்பது 8760. புது டிஸ்க்ல 20,000 காட்டினா திருப்பிக் கொடுத்துடுங்க.

கல்லாவும் கடை வாசலும் இடைவிடாம பதியட்டும். அசைவு வந்தா மட்டும் பதிகிற முறையில, கை நுழையுற முதல் வினாடிதான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

#4 நோர்வூட்_கடைவீடு

நன்றி அண்ணே. கெமரா 8 மெகாபிக்சல் எடுத்தா இன்னும் தெளிவா இருக்காதா? எவ்வளவு உயரத்துல வைக்கிறது? பட்டியல்ல நாலும் 2.8 மி.மீ. லென்ஸ் என்று இருக்கு.

#5 கொழுந்து_நிறுவை

தம்பி, மெகாபிக்சல விட லென்ஸ்தான் முக்கியம். முகத்தை அடையாளம் காட்ட, படத்துல ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி விழணும். தெரிஞ்ச ஆளைக் கண்டுபிடிக்க 125. ஆள் நடமாட்டம் இருக்கா என்று மட்டும் பார்க்க 25 போதும். ஐ.ஈ.சி. 62676-4 என்ற தரநிர்ணயத்தோட 2014 பதிப்புல உள்ள எண்கள் இவை.

4 மெகாபிக்சல் படம் 2560 புள்ளி அகலம். 250ஆல வகுத்தா 10 மீட்டர் அகலக் காட்சி வரைக்கும் முகம் தெரியும். 2.8 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட 100 பாகை விரியும், அதனால 4.3 மீட்டர் தூரத்துலயே காட்சி 10 மீட்டர் அகலமாயிடும். அதுக்கு அங்கால முகம் கிடையாது. 6 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 50 பாகை. அதுல 11 மீட்டர் வரைக்கும் முகம் கிடைக்கும். கல்லாவுக்கு 2.8 சரி. கடை வாசலுக்கு 4. பின்கதவுக்குப் போற படிக்கட்டைப் பார்க்குறதுக்கு 6. நாலையும் ஒரே லென்ஸா வாங்குறது விற்கிறவருக்கு லேசு, அவ்வளவுதான்.

உயரம் 2.5 மீட்டர். பீலிக்கு மேல கொண்டுபோய் வச்சா தொப்பியும் குடையும்தான் பதியும். மழைநாள்ல தலையில சாக்குப் போட்டு வர்றவங்க பாதிப்பேர் இருக்கிற ஊர் இது. ஒரு கெமராவாவது முகத்துக்கு நேரா, கதவு நிலைக்குப் பக்கத்துல இருக்கணும்.

8 மெகாபிக்சலை இரவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே அளவு சென்சர்ல புள்ளியைக் கூட்டினா ஒவ்வொரு புள்ளிக்கும் விழுற வெளிச்சம் குறையும். அதே காசுக்குப் பெரிய சென்சர் உள்ள 4 மெகாபிக்சல் வாங்குங்க.

ரெண்டு செட்டிங் யாரும் தொட மாட்டாங்க, தொடுங்க. ஒன்று, வீடியோ முறை 50 ஹேர்ட்ஸ். 60ல விட்டா கடை விளக்குக்குக் கீழே படம் பட்டை பட்டையா மின்னும். ரெண்டு, இரவு ஷட்டர் 1/25க்குக் கீழே இறங்காம கட்டுறது. தானா விட்டா 1/6, 1/12 என்று இறங்கும். படம் பளிச்சென்று இருக்கும், நடக்கிற ஆள் புகை மாதிரி இழுபடுவார்.

பனிமூட்டம்: கெமராவிலேயே பொருத்தின ஐ.ஆர். வெளிச்சம் மூட்டத்துல பட்டு நேரா லென்ஸுக்கே திரும்பும், திரை முழுக்க வெள்ளை. "டிஃபொக்" (மூட்டம் நீக்குற) பொத்தான் பகல் மூட்டத்துக்குக் கொஞ்சம் உதவும், இரவுக்கு இல்ல. வழி ஒன்றுதான். வெளிச்சத்தைக் கெமராவை விட்டுத் தள்ளி வைக்கணும். ரெண்டு மூணு மீட்டர் பக்கவாட்டுல ஒரு தனி ஐ.ஆர். விளக்கோ, சாதாரண 10 வொட் எல்.ஈ.டி.யோ போட்டு, கெமராவோட ஐ.ஆரை அணைச்சிடுங்க. சிலந்திவலைத் தொல்லையும் அதோட குறையும். ஐ.ஆர். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னால சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால ஒரு இழை ஆடினா அது ராத்திரி பூரா அசைவு அலாரம்.

டோம் வேண்டாம். கண்ணாடிக் குமிழ் மேல ஈரம் படிஞ்சா ஐ.ஆர். உள்ளுக்குள்ளேயே சிதறி வட்டமா வெள்ளை விழும். ஐ-போல் என்று விற்கிற உருண்டை மாதிரி, ஐ.பி.67 (தூசி, தண்ணி புகாத தரம்) உள்ளது எடுங்க.

#6 பச்சைமலை77

கலர் நைட் கெமரா எடுத்தா பிரச்சினை முடிஞ்சதே? ராத்திரியிலும் கலரா வரும். சட்டை நிறம் தெரியும்.

#7 கொழுந்து_நிறுவை

கடை வாசலுக்கு நல்லது, தெரு விளக்கு இருந்தா. ஆனா அதுல இருக்கிற வெள்ளை எல்.ஈ.டி.யும் லென்ஸுக்குப் பக்கத்துலதான். மூட்டம் வந்தா அதுவும் அதே வெள்ளைச் சுவர்தான்.

#8 பச்சைமலை77

வைஃபை கெமரா போட்டா வயரே வேண்டாமே.

#9 வயர்மேன்_தலவாக்கலை

கரண்ட் வயர் வேணும்தானே? தகரக்கூரைக்கும் கருங்கல் சுவருக்கும் வைஃபை தாண்டி வர்றதே பெரும்பாடு. உள்ள இருக்கிற மெமரி கார்ட் இடைவிடாம எழுதத் தாங்காது, தாங்குற வகை கார்ட் தனியா வாங்கணும். கெமராவைக் கழட்டிக்கிட்டுப் போனா பதிவும் அவனோட போச்சு. வாடகை அறைக்கு ஒன்று என்றா சரி. கடைக்குச் சொல்ல மாட்டேன்.

#10 பண்டாரவளை_எர்த்

பட்டி 60 மீட்டர் என்று சொன்னீங்க. கேட்6 100 மீட்டர் வரைக்கும் ஓடும், அதனால நேரா இழுத்துடலாம் என்று நினைப்பீங்க. இழுக்காதீங்க. இந்த செட்ல வெடிக்கப்போற இடம் அதுதான்.

மின்னல் கெமரா மேல விழத் தேவையில்ல. பக்கத்து மேட்டுல ஒரு சவுக்கு மரத்துல விழுந்தாலே, அந்த இடத்து மண்ணோட மின்னழுத்தம் ஒரு கணத்துக்கு ஏறும். மேல வீட்டு எர்த்துக்கும் கீழே பட்டி மண்ணுக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். ரெண்டையும் இணைக்கிற செம்பு உங்க கேட்6 மட்டும் என்றா, அவ்வளவும் அது வழியா என்.வீ.ஆருக்குள்ள வரும். ஒரு கெமரா போகாது. பி.ஓ.ஈ. போர்ட் நாலும், சில நேரம் டிஸ்க்கும் சேர்ந்து போகும். ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரத்து இடிக்குப் பிறகு ரிப்பேர் கடையில வந்து குவியுற மெஷின் முக்காலும் இந்த வகைதான்.

பட்டிக்கு பைபர் போடுங்க. அது கண்ணாடி இழை, கரண்ட் ஓடாது. இன்டர்நெட் பைபர் இல்ல, நீங்களே இழுக்கிற 80 மீட்டர் டிரொப் கேபிள் (வெளியில தொங்கவிடுற பைபர் வயர்). ரெண்டு நுனியும் அடிச்சே வாங்கலாம். கவனிக்க வேண்டியது மூணு.

மீடியா கன்வேட்டர் (நெட்வேர்க் சிக்னலை ஒளியா மாத்துற பெட்டி) ஜோடியா வாங்கணும், ஒன்று ஏ, மற்றது பி. ஒற்றை இழையில ஒன்று 1310 நானோமீட்டர்ல அனுப்பி 1550ல வாங்கும், மற்றது எதிர்மாறு. ரெண்டும் ஏ ஆனா விளக்கே எரியாது.

நுனியின் நிறம். நீலத்துக்கு நீலம், பச்சைக்குப் பச்சை. பச்சை நுனி சாய்வா சீவினது. நீலத் துளையில செருகினா ஒளி பாதி வழியில போயிடும்.

டிரொப் கேபிளோட ஒட்டி வர்ற உருக்குக் கம்பி தொங்கவிடுறதுக்குத்தான். அதைக் கொக்கியில கட்டினதும் வெட்டி, கேபிளை விட்டுப் பிரிச்சிடுங்க. வீட்டுக்குள்ள கொண்டுவந்தா செம்பு இழுத்த மாதிரியேதான். கேபிளுக்குள்ள இருக்கிற பலப்படுத்தும் இழையும் உலோகம் இல்லாத எஃப்.ஆர்.பி. (நார் கலந்த பிளாஸ்டிக்) வகையா என்று கேட்டு வாங்குங்க.

பட்டியில ஒரு சின்ன பி.ஓ.ஈ. சுவிட்ச், கன்வேட்டர், ரெண்டையும் தகரத்துல நேரா திருகாம பி.வி.சி. பெட்டிக்குள்ள வைங்க. கரண்ட் அங்க இருக்கா?

இனி வீட்டுப் பக்கம். நம்ம வீடுகள்ல எர்த் நம்ம சொந்த ரொட்தான் (மண்ணுல அடிச்ச உலோகக் கம்பி), மின்சார சபை கொண்டுவந்து தர்றதில்ல. மலையில மண்ணுக்குக் கீழே பாறை. பல வீட்டுல முக்கால் மீட்டர் இறங்கினதும் ரொட்டை அறுத்துவிட்டு சிமெந்து பூசியிருப்பாங்க. 1.5 மீட்டர் ரொட் ரெண்டு, ஈரம் நிற்கிற பக்கமா, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி அடிச்சு, ரெண்டையும் சேர்த்துக் கட்டணும். என்.வீ.ஆருக்குத் தனி எர்த் அடிக்காதீங்க. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு எர்த் இருந்தா பட்டிக் கதைதான் வீட்டுக்குள்ளேயும் நடக்கும். எல்லாம் ஒரே எர்த்துக்கு வரணும்.

டீ.பி. போர்ட்ல (வீட்டு பிரேக்கர் பெட்டி) டைப் 2 சேர்ஜ் பாதுகாப்பான் (திடீரென்று எகிறுற மின்னழுத்தத்தைத் தடுக்கிறது) போடுறதா இருந்தா நம்ம எர்த் முறைக்கு "1+1" வகை கேளுங்க: லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வாயுக் குழாய் ஒன்று. பாதுகாப்பானை டிரிப் சுவிட்சுக்கு அங்கால (வீட்டு வயர் பக்கம்) போட்டா ஒவ்வொரு இடிக்கும் டிரிப் விழும். பூட்டினவர் போனதும் "இதால கரண்ட் போகுது" என்று யாராவது கழட்டி வச்சிடுவாங்க. இதை எலெக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்க. மீட்டர் பக்கத்து வயர் டிரிப்பை இறக்கினாலும் உயிரோடதான் இருக்கும்.

#11 பச்சைமலை77

பைபருக்குப் பதிலா ஏர் பிரிட்ஜ் (வயர் இல்லாத இணைப்புப் பெட்டி ஜோடி) போட்டா? 60 மீட்டர்தானே.

#12 பண்டாரவளை_எர்த்

ஓடும். நேர்ப்பார்வை வேணும். வாழையோ சவுக்குக் கிளையோ நடுவுல வளர்ந்தா மழையில நனைஞ்ச இலை 5 கிகாஹேர்ட்ஸை விழுங்கிடும். அந்தப் பெட்டிகள்ல பலது 24 வோல்ட் பாசிவ் பி.ஓ.ஈ., என்.வீ.ஆர். போர்ட்ல இருந்து கரண்ட் எடுக்காது, அதோட வர்ற சின்னப் பெட்டியைத்தான் பயன்படுத்தணும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் 400 மீட்டர்ல பங்களா என்றா நானும் பிரிட்ஜ்தான் சொல்வேன். 60 மீட்டருக்கு பைபர்.

#13 நோர்வூட்_கடைவீடு

பட்டியில கரண்ட் இருக்கு அண்ணே, வீட்டு டீ.பி.யில இருந்து போற வயர். ஒரு பல்ப் மட்டும்.

#14 பண்டாரவளை_எர்த்

அப்ப அந்தக் கரண்ட் வயரும் செம்பு வழிதான். அந்த லைனுக்குத் தனி பிரேக்கர் போட்டு, சேர்ஜ் பாதுகாப்பானை அதுக்கு முன்னால வைங்க. இடி கேட்கத் தொடங்கினா பட்டிப் பக்க பிரேக்கரை இறக்கிடலாம், பைபர் மட்டும் மிஞ்சும். பட்டிக் கெமரா ஒரு மணித்தியாலம் அணைஞ்சா பரவாயில்ல.

#15 கணக்குப்பிள்ளை

கரண்ட் போற கணக்கு. ஐ.ஆர். எரியுற நேரம் கெமரா ஒன்று 6 வொட் என்று வச்சா நாலுக்கு 24, மெஷினும் டிஸ்க்கும் 15, ரவுட்டர் 8. மொத்தம் 50 வொட்டுக்குள்ள. (பட்டிக் கெமராவுக்குத் தனி கரண்ட் என்பதால வீட்டுப் பக்கம் இன்னும் குறையும், ஆனா 50 என்றே வச்சுக்கலாம்.)

650 வி.ஏ. கணினி யூ.பி.எஸ். ஒன்றுக்குள்ள 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் பெட்டரி, 84 வொட்-அவர். பெட்டியில "30 நிமிஷம்" என்பாங்க. உங்க 50 வொட்டுக்குப் புதுசுல முக்கால் மணித்தியாலம் வரும், ரெண்டு வருஷம் போனா பத்து நிமிஷம். மின்வெட்டு நீளமா இருந்தா 12.8 வோல்ட் 50 ஆம்ப்-அவர் லிதியம் பொஸ்பேட் பெட்டரியும் அதுக்குத் தக்க இன்வேட்டரும். 640 வொட்-அவர்ல எண்பது வீதம் எடுத்து, இன்வேட்டர் நட்டத்தையும் கழிச்சா எட்டு மணித்தியாலம். பழைய ஈய பெட்டரி சார்ஜர்ல லிதியத்தைக் கட்டாதீங்க.

யூ.பி.எஸ். வாங்கும்போது "ஏ.வி.ஆர்." (மின்னழுத்தத்தைச் சரிசெய்ற வசதி) இருக்கா என்று பாருங்க. லைனோட வால்பக்கத்து வீடுகள்ல சாயந்தரம் எல்லாரும் ஹீட்டரும் ரைஸ் குக்கரும் போடுற நேரம் 230 வோல்ட் 180க்கு இறங்கும். ஏ.வி.ஆர். இல்லாத யூ.பி.எஸ். அதைக் கரண்ட் போனதா எடுத்துக்கிட்டு பெட்டரிக்கு மாறும். ஒவ்வொரு சாயந்தரமும் பெட்டரி தீர்ந்து, உண்மையா கரண்ட் போற அன்றைக்குக் கை விரிச்சிடும்.

#16 ஊவா_நெட்

4ஜி ரவுட்டரைப் பற்றி யாரும் சொல்லல.

4ஜியில உங்களுக்குச் சொந்தப் பொது ஐ.பி. (இணைய முகவரி) பெரும்பாலும் வராது, பல பேருக்கு ஒரே முகவரி. அதனால ரவுட்டர்ல போர்ட் (வெளியில இருந்து நுழையுற வழி) திறந்து பார்க்கிற பழைய வழி நடக்காது. நடந்தாலும் செய்யக்கூடாது. 2016ல மிராய் என்ற நச்சு நிரல் உலகம் பூரா லட்சக்கணக்கான கெமராக்களையும் டீ.வீ.ஆர்.களையும் பிடிச்சது, கொம்பனி வச்சு அனுப்பின பாஸ்வேர்டை யாரும் மாத்தாததால. மெஷினோட பி2பி செயலி (கொம்பனி சேர்வர் வழியா இணைக்கிறது), இல்லாட்டி வயர்கார்ட் மாதிரி வி.பி.என். (பூட்டின தனிவழி). ரெண்டுல ஒன்று. பாஸ்வேர்டு பூட்டினவருக்குத் தெரிஞ்சதா இருக்கக்கூடாது. வேலை முடிஞ்சதும் நீங்களே மாத்துங்க, செயலியில மெஷினின் உரிமையாளர் கணக்கும் உங்க நம்பர்ல இருக்கணும். பூட்டினவர் தன் கணக்குல பதிஞ்சிட்டுப் போயிட்டா, உங்க கல்லா அவர் போன்லயும் ஓடும்.

டேட்டா: 3 மெகாபிட் முழுப் படத்தைப் பார்த்தா மணித்தியாலத்துக்கு 1.35 ஜி.பி. சப்-ஸ்ட்ரீம் (அதே காட்சியோட சின்னப் படம்) 512 கிலோபிட் வச்சா 230 எம்.பி. போன்ல எப்பவும் சப்-ஸ்ட்ரீம். "கிளவுட் பதிவு" என்று ஏதாவது ஓடுதா என்று பார்த்து அணைச்சிடுங்க. கரண்ட் நீளமா போனா டவரும் பெட்டரி தீர்ந்து அணையும், நேரடிக் காட்சி நிற்கும். பதிவு நிற்காது, குழம்ப வேண்டாம்.

நேரம்: வலயம் +5:30, கோடைகால நேரம் அணைப்பு, என்.டி.பி. (இணையத்துல இருந்து நேரம் எடுக்கிறது) போட்டு வைங்க. ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்குப் பிறகும் திகதி பழைய வருஷத்துக்குப் போனா உள்ளே இருக்கிற சி.ஆர்.2032 பெட்டரி தீர்ந்திருக்கு.

#17 மஸ்கெலியா_மேல்பிரிவு

இடையில ஒரு கேள்வி. எங்க பக்கம் சிறுத்தை நாய் தூக்கிட்டுப் போகுது, பன்றியும் வருது. இந்த ஏ.ஐ. கெமரா அதுக்கு அலாரம் தருமா?

#18 கொழுந்து_நிறுவை

பெரும்பாலும் தராது. "மனிதர் / வாகனம்" என்று வடிகட்டுற கெமரா விலங்கை வேணுமென்றே தள்ளிவிடும். அதுக்குத்தான் அந்த வசதியே. விலங்கு வர்ற பக்கத்துக் கெமராவுக்கு மட்டும் வடிகட்டியை எடுத்துட்டு, கோடு தாண்டினா பதியுற முறையை வைங்க, கோட்டைத் தரையில இருந்து அரை மீட்டர் உயரத்துல போட்டு. மழைத்துளிக்கும் அடிக்கும், பொறுத்துக்கணும். இரவுல நாய் ஓயாம குரைச்ச நேரத்தைக் குறிச்சு வச்சு அடுத்தநாள் ஓட்டிப் பார்க்கிறது சில நேரம் ஏ.ஐ.யை விட லேசு. ஐ.ஆர். 850 நானோமீட்டர் வகையில மங்கலான சிவப்புப் பொட்டுத் தெரியும், 940ல தெரியாது. ஆனா 940க்கு வெளிச்சத் தூரம் குறைவு.

#19 மஸ்கெலியா_மேல்பிரிவு

நன்றி அக்கா. இன்னொன்று, எங்க லயன்ல (தோட்டத்து வரிசை வீடு) கருங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. ரோல் பிளக் அடிச்சா கையோட வருது.

#20 வயர்மேன்_தலவாக்கலை

சாந்துல அடிக்காதீங்க, கல்லுலயே துளைங்க. சுத்தியல் டிரில், 8 மி.மீ. பிட், 50 மி.மீ. ஆழம். கல் சரியான இடத்துல இல்லாட்டி, ஓரடி நீளப் பலகை ஒன்றை ரெண்டு கல்லுக்குக் குறுக்கா திருகி, பெயின்ட் அடிச்சு, கெமராவை அதுல பூட்டுங்க. வயர் நுழையுற துளை வெளிப்பக்கமா சரிஞ்சு இருக்கட்டும். நுழையுறதுக்கு முந்தி வயர் ஒரு வளைவு கீழே தொங்கணும், தண்ணி அங்கேயே சொட்டிடும். கூரைக்கடியில போற வயர் முழுக்க 20 மி.மீ. பி.வி.சி. குழாய்க்குள்ள. எலிக்கு கேட்6 பிடிக்கும்.

அடுத்த காம்பராவோட (லயன் வீட்டோட) வாசல் கெமராவுல விழுதா? பிரைவசி மாஸ்க் என்று ஒன்று இருக்கு, அந்த இடத்தைக் கறுப்பா மூடி விடலாம். பூட்டுற அன்றைக்கே மூடி, அவங்களைக் கூப்பிட்டுத் திரையில காட்டிடுங்க. பிறகு வர்ற சண்டை மிச்சம்.

#21 ஊவா_நெட்

அதோட ஒட்டினது: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் வீட்டுத் தேவைக்குச் செய்றதை விட்டுவிடுது. கடை வேற கணக்கு. வாசல்ல "கெமரா பதிவு உண்டு" என்று மூணு மொழியிலும் ஒரு பலகை வைங்க.

#22 கணக்குப்பிள்ளை

களவு நடந்தா செய்ய வேண்டியதையும் எழுதிடுறேன். ராத்திரி பன்னிரெண்டுக்கு யோசிக்க முடியாது.

முதல்ல அந்த நேரத்துப் பதிவைப் பூட்டுங்க. "லொக்" பண்ணாட்டி டிஸ்க் நிரம்பினதும் மேல எழுதிடும். பிறகு, மெஷின் காட்டுற நேரத்தையும் போன் காட்டுற நேரத்தையும் ஒரே போட்டோவுல பிடிங்க. நாலு நிமிஷம் பிந்தி ஓடின கடிகாரம் பிறகு பெரிய கேள்வியாகும். பென்டிரைவை எஃப்.ஏ.டி.32ல போர்மட் பண்ணி, சம்பவத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் பத்துப் பத்து நிமிஷம் சேர்த்து இறக்குங்க. எம்.பி.4 மட்டும் போதாது, மெஷினோட சொந்த வடிவத்தையும் அதை ஓட்டுற மென்பொருளையும் சேர்த்து. ரெண்டு பிரதி, ஒன்று பொலிசுக்கு, ஒன்று வீட்டுல. வெட்டி ஒட்டி, வட்டம் போட்டு, வாட்ஸ்அப்ல வந்ததைக் கொடுக்காதீங்க. சம்பவ நேரத்துலயே பதிவான ஒலி, ஒளிப்பதிவுகளை நீதிமன்றத்துல சான்றா ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இடம் தருது, ஆனா மாத்தாம, பத்திரமா வச்சிருந்தது என்று காட்ட வேண்டி வரும்.

#23 நோர்வூட்_கடைவீடு

எல்லாத்தையும் வச்சு இப்படி எழுதியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க.

4 போர்ட் பி.ஓ.ஈ. என்.வீ.ஆர்., 4 டி.பி. கண்காணிப்பு டிஸ்க். 4 மெகாபிக்சல் ஐ-போல் நாலு: கல்லாவுக்கு 2.8, வாசலுக்கு 4, பின்கதவுக்கு 6, பட்டிக்கு 4. முழுச்செம்பு கேட்6 70 மீட்டர், 20 மி.மீ. குழாய். பைபர் டிரொப் 80 மீட்டர், கன்வேட்டர் ஏ-பி ஜோடி, பட்டியில 4 போர்ட் பி.ஓ.ஈ. சுவிட்ச், பி.வி.சி. பெட்டி. ஏ.வி.ஆர். உள்ள யூ.பி.எஸ்., லிதியம் பிறகு. எர்த் ரொட் ரெண்டு, 1+1 பாதுகாப்பான். பின்கதவுக்குத் தனி எல்.ஈ.டி. என்.வீ.ஆர். கல்லாவுக்குக் கீழே, திரையோட. கன்வேட்டரை என்.வீ.ஆரோட நாலாவது பி.ஓ.ஈ. போர்ட்ல குத்துறேன்.

#24 வயர்மேன்_தலவாக்கலை

ரெண்டு மாத்தணும். மெஷினைக் கல்லாவுக்குக் கீழே வைக்காதீங்க. வர்றவன் காசோட அதையும் தூக்கிட்டுப் போவான். வீட்டு அறைக்குள்ள, காற்று வர்ற, பூட்டின அலுமாரியில வைங்க. கல்லாவுல எச்.டி.எம்.ஐ. வயர் இழுத்துத் திரை மட்டும் இருக்கட்டும். அடுப்படிச் சுவரோட ஒட்ட வேண்டாம், ஆவியும் புகையும் டிஸ்க்குக்கு ஆகாது.

கன்வேட்டரை பி.ஓ.ஈ. போர்ட்ல குத்தினா, தரமான மெஷின் என்றா எதிர்ப்பக்கத்தைக் கேட்டுப் பார்த்துத்தான் கரண்ட் விடும், ஒன்றும் ஆகாது. மலிவான சிலது கேட்காமலே விடும். மெஷினோட லேன் போர்ட்டையும், கன்வேட்டரையும், ரவுட்டரையும் ஒரு சாதாரண 5 போர்ட் சுவிட்ச்ல சேர்த்து, பட்டிக் கெமராவை நாலாவது சேனல்ல ஐ.பி. கொடுத்து கையால சேருங்க. அந்தக் கெமராவுக்கு மாறாத ஐ.பி., ரவுட்டர் தானா பகிர்ற எல்லைக்கு வெளியில. அந்தச் சுவிட்சும் கன்வேட்டரும் யூ.பி.எஸ்.லதான் இருக்கணும்.

சுவர்ல ஏத்துறதுக்கு முந்தி நாலையும் மேசையில வச்சுக் குட்டை வயர்ல ஓட்டிப் பாருங்க, ஒரு ராத்திரி முழுக்க, ஐ.ஆர். எரிஞ்சபடி. பாஸ்வேர்டு, 50 ஹேர்ட்ஸ், பிட்ரேட், நேரம் எல்லாம் மேசையிலேயே முடிச்சிடலாம். ஏணி மேல நின்று செய்ற வேலை இல்ல அது.

#25 நோர்வூட்_கடைவீடு

சரி அண்ணே. சாதாரண 5 போர்ட் சுவிட்ச் ஒன்று கூட்டிக்கிட்டேன், மெஷின் உள் அறை அலுமாரிக்கு. எலெக்ட்ரீஷியன் ஞாயிறு வர்றார், எர்த்துல இருந்து தொடங்குறோம்.

#26 பண்டாரவளை_எர்த்

பழைய ரொட்டைப் பிடுங்கச் சொல்லாதீங்க. அதையும் புதுசோட சேர்த்துக் கட்டச் சொல்லுங்க. கட்டி முடிஞ்சதும் டிரிப் சுவிட்ச்ல இருக்கிற டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்க. அது டிரிப் வேலை செய்யுதா என்று மட்டும்தான் சொல்லும், எர்த் நல்லதா என்று சொல்லாது. அதுக்கு அவர்கிட்ட எர்த் மீட்டர் இருந்தா அளந்து, எண்ணை டீ.பி. மூடிக்குள்ள திகதியோட எழுதச் சொல்லுங்க. பெப்ரவரியில மண் காய்ஞ்ச பிறகு இன்னொரு தடவை அளக்கணும்.